வெற்றுப் படி

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த ஸான் ஹோஸே ஸர்வகலாசாலையில், மாணவர்கள் நடமாடும் திறந்த வெளியில் ஒரு சிலை நிற்கிறது. உயரம் சுமார் 22 அடி. ஓட்டப் பந்தயத்தில் ஜயித்தவர்கள் பரிசு பெறுவதற்காக ஏறி நிற்கும் மூன்று படி மேடை அது. நடுப் படியில் ஒருவர் வலக்கை முஷ்டியை வானை நோக்கி உயர்த்தி நிற்கிறார். மூன்றாம் பரிசுக்குரிய படியில் நிற்பவர் இடக்கையை உயர்த்தியிருக்கிறார். இருவருடைய தலைகளும் கவிழ்ந்திருக்கின்றன. இருவர் காலிலும் பாதரட்சை இல்லை. இரண்டாம் பரிசு பெற்றவருக்குரிய படியோ வெறுமையாகக் கிடக்கிறது. சிற்பி மறந்து விட்டாரோ, திரட்டிய பணம் போதவில்லையோ, அங்கிருந்த உருவத்தை யாரேனும் பெயர்த்துக் கொண்டு போய் விட்டார்களோ என்று புதிதாய்ப் பார்ப்பவர் திகைக்கக்கூடும். அவற்றில் ஒன்றுமில்லை. அந்தப் படி காலியாகவே இருக்கட்டும் என்று கேட்டுக் கொண்டவர், அந்தப் படிக்கு உரியவரேதான்.

விளையாட்டு வேறு, கலை வேறு, அரசியல் வேறு. ஒன்றோடொன்றைக் கலக்கலாகாது என்று உபதேசம் செய்வோர் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். நம் தேசத்திலும் அவர்களுக்குக் குறைவில்லை. அந்த உபதேசத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் ஓயாமல் செய்து வந்த ஒரு பெரிய மனிதர் இந்தக் கதையிலேயே வருகிறார். அவருக்கு நேர்ந்ததைப் பின்னால் சொல்லுகிறோம். இப்போதைக்கு, மேற்படி சிலை எந்த நிகழ்ச்சியைக் குறித்து நிற்கிறதோ, அதை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

அது 1968-ஆம் வருஷம். அமெரிக்காவின் கறுப்பு மக்களுக்கு வாக்குரிமையையும் பொது இடங்களில் சமத்துவத்தையும் சட்டப் புத்தகத்தில் எழுதி மூன்று நான்கு வருஷங்களே ஆகியிருந்தன. அவர்களுடைய தலைவரும் காந்தியடிகளின் வழியைத் தம் வழியாகக் கொண்டவருமான மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் மாதம் 4-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய வருஷமே, ஸான் ஹோஸேயில் சமூக சாஸ்திரம் போதித்து வந்த ஹாரி எட்வர்ட்ஸ் என்ற இளைஞர் கறுப்பு ஓட்டக்காரர்களைத் திரட்டி, மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்காவையும் ரொடீஷியாவையும் ஒலிம்பிக் பந்தயங்களில் சேர்க்கக் கூடாது. யுத்தத்துக்குப் போக மறுத்ததற்காக முகம்மது அலியிடமிருந்து பறித்த குத்துச்சண்டைப் பட்டத்தைத் திருப்பித் தர வேண்டும். கறுப்பர்களைப் பயிற்சியாளர்களாக நியமிக்க வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஆவெரி பிரண்டேஜ் பதவியை விட்டு விலக வேண்டும். இவை அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானவை. இல்லாவிடில் பகிஷ்காரம். தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்த அழைப்பு ஏப்ரலில் ரத்தாயிற்று. அதன் பிறகு பகிஷ்காரப் பேச்சு வலுவிழந்தது. மெக்ஸிகோவுக்குப் போவது, அங்கே அவரவர் மனச்சாட்சிப்படி நடந்து கொள்வது என்று முடிவாயிற்று.

மெக்ஸிகோ மட்டும் அமைதியாகவா இருந்தது? பந்தயம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, அக்டோபர் 2-ந் தேதி, தலைநகரின் ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களின் மீது சர்க்கார் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பந்தயங்களோ குறித்த 12-ந் தேதியன்று சமாதானத்தின் பெயரால் கோலாகலமாக ஆரம்பமாயின.

16-ந் தேதி 200 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் பந்தயம். ஸான் ஹோஸே மாணவர் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் ஓடி உலக சாதனை நிகழ்த்தினார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் நார்மன் என்ற வெள்ளைக்காரர் 20.06 விநாடியில் இரண்டாவதாக வந்தார். ஸ்மித்தின் தோழரும் அதே கலாசாலையில் படித்தவருமான ஜான் கார்லோஸ் 20.10 விநாடியில் மூன்றாவது. பரிசு வாங்கப் போவதற்கு முன்பு கறுப்பர் இருவரும் தாங்கள் செய்யப் போவதை நார்மனிடம் சொன்னார்கள். மெல்போர்னில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த நார்மன் ரக்ஷண்ய சேனைக் குடும்பத்தில் பிறந்தவர். மனிதர் எல்லோரும் சமம் என்பது அவருக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்த பாடம். தாமும் கூட நிற்பதாக அவர் சொன்னார். இயக்கத்தின் சின்னத்தைத் தம் மார்பிலும் அணிய வேண்டுமென்று கேட்டார். கையில் உபரிச் சின்னம் இல்லை. அமெரிக்கப் படகோட்டும் குழுவில் சுக்கான் பிடித்த பால் ஹாஃப்மன் என்ற வெள்ளை வாலிபர் தம் சட்டையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்.

கையுறை விஷயத்திலும் ஒரு சங்கடம். கார்லோஸ் தம்முடைய ஜோடியைத் தங்குமிடத்திலேயே மறந்து விட்டு வந்திருந்தார். ஆளுக்கொன்றாய் மாட்டிக் கொள்ளலாமே என்று யோசனை சொன்னவர் நார்மன். ஒருவர் வலக்கையும் மற்றவர் இடக்கையும் உயர்த்தியதற்குத் தத்துவார்த்தங்கள் பல பிற்பாடு கிளம்பின. மூல காரணம் ஒரு மறதி. சரித்திரத்தின் பெரிய காட்சிகளில் இப்படிப்பட்ட சில்லறைத் தவறுகளுக்கும் பங்குண்டு என்பது நமக்கு ஆறுதலாகவே இருக்கிறது.

அமெரிக்கக் கொடி ஏறிற்று. தேசிய கீதம் முழங்கிற்று. ஸ்மித்தும் கார்லோஸும் தலை கவிழ்ந்து, கறுப்புக் கையுறை பூண்ட முஷ்டியை உயர்த்தினர். காலணி இல்லாத கறுப்புக் காலுறை, கறுப்பர் இல்லங்களின் வறுமையைக் குறித்தது. ஸ்மித்தின் கழுத்திலிருந்த கறுப்புத் துணி அந்த ஜாதியின் ஆத்ம கௌரவத்தைக் குறித்தது. கார்லோஸின் கழுத்திலிருந்த மணிமாலையோ, விசாரணையின்றி மரக்கிளைகளில் தூக்கிலிட்டுக் கொல்லப்பட்டவர்களின் நினைவு. சட்டையைக்கூட அவர் கூலி உழைப்பாளிகளை எண்ணியே திறந்து விட்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருவரையும் தொடவில்லை, கொடியை அவமதிக்கவில்லை. ஸ்மித் தமது வரலாற்றை எழுதியபோது, அது கறுப்பர் வல்லமையை முழக்கிய வணக்கமன்று, மனித உரிமைக்கான வணக்கமே என்று விளக்கியிருக்கிறார்.

மூவரும் கொடியை நோக்கித் திரும்பி நின்றதால், முன்னால் நின்ற நார்மனுக்குப் பின்னால் நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. பாட்டோடு பாடிக் கொண்டிருந்த ஜனத்திரளின் குரல் சட்டென்று அடங்கியதைக் கொண்டுதான், சொன்னதைச் செய்து விட்டார்கள் என்று அவர் அறிந்து கொண்டார். இந்த விவரத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். சிலையைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

இனிமேல் பெரிய மனிதர் பிரண்டேஜின் பிரவேசம். அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி முதலில் எச்சரிக்கையோடு விஷயத்தை முடித்து விடவே பார்த்தது. பிரண்டேஜ் விடவில்லை. இருவரையும் நீக்காவிட்டால் அமெரிக்க ஓட்டக்காரர் கோஷ்டி முழுவதையுமே பந்தயத்திலிருந்து விலக்க நேரிடும் என்று மிரட்டல் வந்தது. கமிட்டி பணிந்தது, இருவரும் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, ஊர் திரும்பும்படி உத்தரவாயிற்று. பதக்கங்களையும் பறித்துக் கொண்டார்கள் என்று பலர் எழுதுவதுண்டு, அது சரியன்று. பதக்கம் அவர்களிடமே இருந்தது. பறிபோனவை மற்றவை: வேலை, நிம்மதி, வீட்டில் அச்சமின்றித் தூங்கும் சுகம். கொலை மிரட்டல் கடிதங்கள் வெகு காலம் வரை வந்து கொண்டிருந்தன.

விளையாட்டு அரங்கில் அரசியலுக்கு இடமில்லை என்பது பிரண்டேஜின் வாதம். 1936-இல் பெர்லின் நகரில் ஹிட்லரின் கொடிகளுக்கு நடுவே ஒலிம்பிக் நடந்தபோது, அமெரிக்கா போகக் கூடாது என்று எழுந்த பகிஷ்காரக் கிளர்ச்சியை எதிர்த்து முறியடித்தவரும் இதே பிரண்டேஜ்தான். பெர்லினில் ஜெர்மானிய வீரர்கள் மேடை மீதேறிக் கை நீட்டிச் செலுத்திய வணக்கம் அவருக்கு அரசியலாகத் தோன்றவில்லை. அது அவர்களுடைய தேசிய வணக்கமாயிற்றே! சர்க்கார் செய்வித்தால் சம்பிரதாயம். பிரஜை செய்தால் அரசியல். இந்த நியாயத்தை அந்நிய ஆட்சியின் கீழ் இருந்த நாம் நன்றாகவே அறிவோம்.

1936 என்றதும் பெர்லினிலேயே நடந்த இன்னொரு காட்சி நினைவுக்கு வருகிறது. ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி, தியான்சந்த் தலைமையில் நமது ஹாக்கி வீரர்கள் ஜெர்மனியை எதிர்த்து இறுதிப் பந்தயம் ஆட இருந்தனர். பகிரங்கமாக அவர்கள் ஏந்திச் சென்றது ஆங்கில ஆட்சியின் கொடி. ஆட்டத்துக்குச் சற்று முன்பு, உடை மாற்றும் அறைக்குள், உதவி மானேஜர் பங்கஜ் குப்தா ஒளித்து வைத்திருந்த காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்தினார்கள். பிறகு களத்துக்குப் போய் 8-க்கு 1 என்ற கணக்கில் ஜயித்துத் திரும்பினார்கள். நமக்கு அன்று இருந்த குறை, நம்முடைய கொடியை வெளியில் ஏற்ற முடியாத குறை. ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் இருந்தது வேறு விதமான குறை. அவர்களுடைய தேசத்தின் கொடி பதினாயிரக்கணக்கானோர் கண் முன்னே கம்பீரமாக ஏறிற்று. அதை ஏற வைத்தது அவர்களுடைய கால்களே. ஆயினும் அதன் நிழலில் தங்களுக்கு முழுப் பங்கு உண்டா என்பது அவர்களுக்குச் சந்தேகமாக இருந்தது. இவற்றில் எது கொடிய குறை என்று எடை போட நாம் துணியவில்லை. ஆனால் கொடியை மறுக்காமலும், அதனிடம் பொய்யாகப் பல்லிளிக்காமலும், தலை கவிழ்ந்து நின்றே தங்கள் வழக்கை அதன் முன் வைத்த அந்த விதம், தேசபக்தியின் அபூர்வமான ஒரு வடிவம் என்றே நாம் கருதுகிறோம்.

ஜெஸ்ஸி ஓவன்ஸின் பெயரையும் இங்கே சொல்லாமலிருக்க முடியாது. பெர்லினில் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்று ஹிட்லரின் ஜாதிச் செருக்கை அடக்கியதாக உலகம் புகழ்ந்த கறுப்பு வீரர் அவர். நியூயார்க்கில் அவருக்கு நடந்த பாராட்டு விருந்துக்கு, ஹோட்டலின் சரக்கு ஏற்றும் லிப்டில் ஏறித்தான் அவர் போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவரையே 1968-இல் மெக்ஸிகோவில் கறுப்பு வாலிபர்களைச் சமாதானப்படுத்தும் தூதராகக் கமிட்டியார் உபயோகித்தார்கள். 1970-இல் கறுப்பர் கிளர்ச்சியைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதிய ஓவன்ஸ், இரண்டு வருஷங்களுக்குள் தம் மனம் மாறியதைத் தலைப்பிலேயே தெரிவித்து இன்னொரு புத்தகம் எழுதினார். அவரைப் பரிகசிப்பது சுலபம். நமக்கு அதில் விருப்பமில்லை.

ஜான் டாமினிஸ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்தின் மூலமாக இந்தக் காட்சி உலகெங்கும் பரவிற்று. எடுத்த நேரத்தில் அது அவ்வளவு பெரிய செய்தியாகத் தமக்குத் தோன்றவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். புகைப்படம் கலையாகுமா என்று வாதிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோடு, நிழல், உயரம் ஆகியவற்றைப் புகைப்படக்காரர் வகுக்கவில்லை. மேடையில் நின்ற மூவரே வகுத்திருந்தார்கள். உயர்ந்த இரண்டு கரிய கைகள், கவிழ்ந்த இரண்டு தலைகள், அவற்றுக்கு முன்னே நேராகப் பார்த்து நிற்கும் ஒரு வெள்ளை முகம். ஒரு தேசத்தின் மனச்சங்கடம் ஒரே சட்டத்துக்குள் அடங்கி விட்டது. ஆகவேதான் சித்திரக்காரர்களும் சிற்பிகளும் ஐம்பது வருஷங்களுக்கு மேலாகியும் அதை விட்டபாடில்லை.

2000-ஆம் வருஷம் ஸிட்னி நகரில் ஒலிம்பிக் நடந்த காலத்தில், அந்நகரின் நியூடவுன் பகுதியில் ஒரு வீட்டுக்காரர் தம் வெளிச்சுவரைக் கொடுக்க, ஓர் ஓவியர் மூவரையும் கறுப்பும் வெள்ளையுமாக அதில் எழுதினார். சுயமரியாதை மிக்க மூவர் என்ற பொருள்பட அதன் மேல் ஒரு வாசகமும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஓவியர் க்ளென் கைனோ, ஸ்மித்தின் கையையே அச்செடுத்து, பொன் வர்ணம் பூசிய அந்தக் கைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, சுமார் 100 அடி நீளமுள்ள பாலம் போன்ற ஒரு சிற்பத்தை அமைத்தார். 2018-இல் அட்லாண்டாவில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அழகானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கையைப் பல கையாக்கிப் பொன்னும் பூசி விட்டால், கையை உயர்த்திய மனிதன் எங்கேயோ மறைந்து போகிறான் என்பது நம் அபிப்பிராயம். வேறு விதமாக எண்ணுவோரும் இருக்கலாம்.

ஸான் ஹோஸே சிலையின் பெருமை வேறு. ஊர் திரும்பிய இருவருக்கும் தமது கலாசாலையில் ஒரு ஞாபகச் சின்னங்கூட இல்லையே என்று மாணவர் ஒருவர் வருந்தியதில் அதன் கதை தொடங்குகிறது. மாணவர் சங்கத்தார் முயற்சியை மேற்கொண்டார்கள். போர்த்துகீசியத் தீவான மதேராவில் பிறந்து ஸான் பிரான்ஸிஸ்கோவில் குடியேறிய ரீகோ 23 என்ற பெயர் பூண்ட ஓவியரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். இரும்புச் சட்டத்தின் மீது கண்ணாடி நாரால் உருவமைத்து, சட்டையும் நிஜாரும் பீங்கான் ஓட்டுத் துண்டுகளால் பதிக்கப்பட்டிருக்கின்றன. வெண்கலத்தில் வார்த்த வீரர்களையும் பிரபுக்களையும் நாற்சந்திகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பீங்கான் சற்று விளையாட்டுச் சாமான் போலத் தோன்றலாம். நமக்கு அது குற்றமாகப் படவில்லை. வெண்கலம் ராஜாக்களின் உலோகம். ஓட்டுத் துண்டுகளோ குளிக்கும் அறையிலும் சமையலறையிலும் எல்லோரும் மிதிப்பவை.

இரண்டாம் படியில் நார்மன் இருக்க மாட்டார் என்ற செய்தி கார்லோஸுக்கு எட்டியபோது அவர் கோபமடைந்தார். நண்பனை விட்டு விட்டு நமக்கு மட்டும் சிலை எதற்கு என்பது அவர் நியாயம். நேரே ஸர்வகலாசாலைத் தலைவரின் அறைக்குச் சென்று, அங்கிருந்தே ஆஸ்திரேலியாவுக்கு டெலிபோன் செய்தார். நார்மன் சொன்ன பதில், தாம் அங்கே இருக்க வேண்டாம் என்பதுதான். படி காலியாக இருந்தால், பார்க்க வருகிறவர்கள் ஏறி நிற்கலாம். அவர்களுக்காக அந்த இடத்தைத் தாம் விட்டுத் தருவதாகச் சொல்லி விட்டார். 2005-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் சிலை திறக்கப்பட்டபோது நார்மனும் வந்திருந்து பேசினார். ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் பீட்டர் நார்மன் தோழமையுடன் இங்கே நின்றார் என்றும், நீயும் நில் என்றும் பொருள்படும் ஒரு பலகை அந்தப் படியில் இருக்கிறது.

சிலைகளால் அநேகமாகத் தீமையே விளைகிறது என்று நினைப்பவர்களோடு நமக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. உயிரோடிருக்கையில் கல்லெறிந்து, கொஞ்ச காலம் சென்றதும் கல்லில் செதுக்கி வைப்பது மனித சமூகத்தின் பழைய தந்திரம். சிலை எழுந்து விட்டால் கடன் தீர்ந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய் விடுகிறார்கள். ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் சிலை திறந்த அதே வருஷத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. 2019-இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியே அவர்களைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்துக் கொண்டது. அவர்களை ஊருக்குத் துரத்திய கமிட்டியும் இதுதான். இந்தக் கௌரவங்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் வெற்றி மேடையில் அரசியல் சமிக்ஞை செய்யக் கூடாது என்ற ஒலிம்பிக் விதி மட்டும் மாறவில்லை. 2021-இல் அதைச் சற்றுத் தளர்த்தி, பந்தயம் தொடங்குமுன் களத்தில் தங்கள் கருத்தைக் காட்டிக் கொள்ள ஆட்டக்காரர்களுக்கு இடம் கொடுத்தார்கள். மேடைக்கு அந்தச் சலுகை இல்லை. ஸ்மித் செய்ததை இன்று ஒருவர் மேடையில் செய்தால் அவரும் விதியை மீறியவரே. சிலைக்கு வணக்கம், செயலுக்குத் தடை!

இத்தகைய தந்திரத்துக்கு ஸான் ஹோஸே சிலை முழுவதும் உட்படாமல் தப்பி நிற்பதற்குக் காரணம் அந்த வெற்றுப் படிதான் என்று நாம் நினைக்கிறோம். மற்றச் சிலைகளின் முன்னே நாம் கைகட்டி நிற்கிறோம். அண்ணாந்து பார்த்து விட்டுப் போய் விடுகிறோம். இங்கே படி நம்மை ஏறச் சொல்லுகிறது. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் முஷ்டியை உயர்த்திப் புகைப்படம் எடுத்துக் கொள்ளுகிறார்கள் என்றும், அது வெறும் வேடிக்கை என்றும் சிலர் கேலி செய்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நார்மன் முஷ்டியை உயர்த்தவில்லை என்பதை அந்தக் கேலிக்காரர்களும் மறந்து விடுகிறார்கள். அவர் கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டே நின்றார். தம்முடையதல்லாத துயரத்தைத் தம்முடையதாக நடிக்கவில்லை. அவர்களுடைய போராட்டத்துக்குத் தாம் தலைவராகவும் முயலவில்லை. ஒரு சின்னத்தை மார்பில் குத்திக் கொண்டார், அவ்வளவே. நாம் முன்பு சொன்னபடி, அந்த இடத்தில் நின்றவருக்குப் பின்னாலிருந்த முஷ்டிகள் தெரியவில்லை. கண்ணால் காணாமல், வாக்குக் கொடுத்ததை மட்டும் நம்பி நின்றார். பிறருடைய உரிமைப் போரில் துணை நிற்க விரும்புகிறவன் எவ்வளவு செய்ய வேண்டும், எவ்விடத்தில் நிறுத்திக் கொள்ள வேண்டும் என்ற கேள்வி நமது தேசத் தொண்டர்களையும் பல முறை வாட்டியிருக்கிறது. ஹரிஜன சேவையிலே இறங்கிய உயர்ஜாதியார் அந்தக் கேள்வியை எதிர்கொண்டார்கள். சிலர் நன்றாகத் தேறினார்கள், சிலர் மேடையையே தமதாக்கிக் கொண்டார்கள்.

வெற்றுப் படிக்கு எதிராகவும் ஒரு நியாயம் உண்டு. அடையாளமில்லாமல் விட்டால், வருங்காலத்தார் நார்மனை அறவே மறந்து விடுவார்களே! வாஷிங்டனில் 2016-இல் திறக்கப்பட்ட கறுப்பு அமெரிக்கர் சரித்திர மியூஸியத்தில் உள்ள சிலையில் மூவரும் இருக்கிறார்கள். மெல்போர்ன் நகரத்து ஓட்டப் பந்தய மைதானத்தில் 2019-ஆம் வருஷம் நார்மனுக்குத் தனியாகவே சிலை வைத்தார்கள். இவை செய்ய வேண்டியவையே. ஏனென்றால் சொந்த நாட்டிலே அவரை வெகு காலம் மறந்துதான் இருந்தார்கள். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பாமல் விட்டது மெக்ஸிகோவில் நடந்ததற்குத் தண்டனையே என்று அவரைச் சேர்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். இல்லை என்று ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி மறுக்கிறது. எப்படியாயினும் 2012-ஆம் வருஷம் அந்நாட்டுப் பார்லிமெண்டே அவர் விஷயத்தில் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றிற்று. அதைக் கேட்க அவர் இல்லை. 2006 அக்டோபர் 3-ந் தேதி மாரடைப்பால் இறந்து விட்டார். ஸ்மித்தும் கார்லோஸும் கடல் கடந்து வந்து, சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தம் தோள்மீது தாங்கிச் சென்றார்கள்.

பிரண்டேஜின் கதையைச் சொல்லுவதாக வாக்களித்திருந்தோம். அவர் கலை ரஸிகர். கட்டடக் காண்டிராக்டில் சம்பாதித்த பெருஞ்செல்வத்தைக் கொண்டு ஆசிய தேசங்களின் சிற்பங்களையும் பாத்திரங்களையும் சித்திரங்களையும் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார். ஸான் பிரான்ஸிஸ்கோ நகருக்கு அவற்றை நன்கொடையாக வழங்க, 1966-இல் அங்கே ஆசியக் கலை மியூஸியம் தோன்றிற்று. நமது தமிழ்நாட்டுச் சிற்பிகள் வடித்த தெய்வத் திருமேனிகளும் அந்தச் சேகரத்தில் உண்டு. ஆசியக் கலையை அவ்வளவு ஆர்வத்தோடு நேசித்த ஒருவர், தம் நாட்டுக் கறுப்பு வாலிபனின் உயர்ந்த கையில் எந்த அழகையும் காணவில்லை. மியூஸியத்தின் முகப்பு மண்டபத்தில் அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று பல காலம் இருந்தது. 2020-ஆம் வருஷம், கறுப்பர்கள் மீது நடந்த கொடுமைக்கெதிராக அமெரிக்காவெங்கும் கிளர்ச்சி பொங்கியபோது, நிறவெறி கொண்ட ஒருவரை வாயிலில் வைத்துக் கொண்டு விருந்தினரை வரவேற்பது தகாது என்று மியூஸியத்தாரே தீர்மானித்து, அதை எடுத்துக் கிடங்கில் வைத்து விட்டார்கள். அந்த இடத்திலிருந்து ரயிலேறினால் ஸான் ஹோஸே சிலை சுமார் ஐம்பது மைல்.

நார்மன் அன்று ஓடிய 20.06 விநாடி, ஆஸ்திரேலியாவின் சாதனையாக 56 வருஷம் அசையாமல் நின்றது. 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடந்த பந்தயத்தில், 16 வயதுப் பையன் ஒருவன் 20.04 விநாடியில் ஓடி அதை முறியடித்தான். கௌட் கௌட் என்பது அவன் பெயர். பிறந்தது குவீன்ஸ்லாந்து மாகாணத்தில். தாய் தந்தையர் தென் ஸூடானிலிருந்து வந்து குடியேறியவர்கள். நார்மன் மேடையேறிய வருஷத்திலே, வெள்ளையருக்கே ஆஸ்திரேலியா என்ற கொள்கை இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அவ்வாறு ஒழிவதற்கு 1973 ஆயிற்று. அன்றைய விதிகளின் கீழ் அந்தத் தாய் தந்தையர் அங்கே கரையிறங்கியிருப்பதே அபூர்வம். நார்மனின் படியில் ஏறி நிற்க உரிமை பெற்றவன் இவனே என்று நமக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பதினாறு வயதில், இவ்வளவு வேகமாக ஓடிய ஒருவன், இரண்டாம் படியைப் பற்றி எதற்காக யோசிக்கப் போகிறான்?